சமையல் ஆர்டரும் பாத்திர வாடகையும் பார்க்கும் குடும்பத்துக்கு எந்த ஆன்லைன் காலண்டர் ஒத்துவரும்?

திருமங்கலம் பக்கம் அப்பா, சித்தப்பா, அண்ணன், அண்ணி, நீங்கள் என்று ஐந்து பேர் சேர்ந்து சமையல் ஆர்டரும் பாத்திர வாடகையும் நடத்துகிறீர்கள். தேதிகள் எல்லாம் அப்பாவின் டைரியில். போன ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு அப்பா உசிலம்பட்டியில் ஒரு காதணி விழாவுக்கும், அண்ணன் ஒத்தக்கடையில் ஒரு கல்யாணத்துக்கும் அச்சாரம் வாங்கிவிட்டார்கள். எல்லோரும் போனிலேயே பார்க்கிற மாதிரி எந்த ஆன்லைன் காலண்டர் நல்லது, காசு கட்ட வேண்டுமா, இங்கிலீஷ் வராத அப்பா எப்படிப் பார்ப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்தக் காலண்டர் என்பது ஒன்று. ஒரே நாளுக்கு இரண்டு பேர் வாக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்களுக்கு நஷ்டத்தைக் கொண்டுவந்தது இரண்டாவது கேள்விதான், அதனால் பதிலில் பெரும்பங்கு அதற்கே போகும்.

முதலில் நேரடி பதில்: கூகுள் காலண்டர் போதும், இலவசக் கணக்கே போதும். 2006-இலிருந்து இருக்கிற சேவை; ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஜீமெயில் கணக்கு ஏற்கெனவே இருக்கும்; செயலியும் பெரும்பாலும் போனோடு வந்திருக்கும். ஐந்து பேரில் போன் விஷயத்தில் கடைசியில் நிற்பவர் யாரோ அவருக்கு எது சுலபமோ அதைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது அப்பா. அவர் புதிதாக எதையும் இறக்கி, புதுக் கணக்குத் திறந்து, புதுப் பாஸ்வேர்டு நினைவில் வைக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது ஒன்றுதான். ஐந்து பேரும் ஐபோன் என்றால் ஆப்பிளின் ஐக்லவுட் காலண்டர் அருமையாக வேலை செய்யும். ஒருவர் ஆண்ட்ராய்டு என்றாலும் அது சரிப்படாது. ஏற்கெனவே பில் போடவும் மெயிலுக்கும் மைக்ரோசாப்ட் அல்லது ஸோஹோ பயன்படுத்துகிறவர்கள் அவற்றின் காலண்டரையே பகிர்ந்துகொள்ளலாம், குறை ஒன்றுமில்லை. டைம்ட்ரீ போன்ற குடும்பச் செயலிகளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கீழே பேசிக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் எல்லோரும் தனியாக அதை இறக்க வேண்டும். வாட்ஸப் குரூப்பைக் காலண்டராக நம்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘24-ம் தேதி புக் ஆகிடுச்சு’ என்று அண்ணன் போட்ட செய்தி மறுநாள் குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்துபோகும்.

இரண்டு காலண்டர் சேவைகளை லிங்க் போட்டு இணைத்து ஓட்டலாமா என்ற யோசனை வந்தால், வேண்டாம். வெளிக் காலண்டரின் லிங்கைக் கூகுளில் சேர்த்தால், அங்கே செய்த மாற்றம் இங்கே தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. உங்கள் தொழிலில் முகூர்த்த நாள் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஐந்து பேரும் ஒரே சேவைக்குள் இருக்க வேண்டும்.

இப்போது உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கூகுள் காலண்டர் ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வு பதிவதைத் தடுக்காது. ஞாயிறு காலையில் உசிலம்பட்டி என்று ஏற்கெனவே இருந்தாலும் அதே நேரத்தில் ஒத்தக்கடையைப் பதிந்தால் அது பேசாமல் ஏற்றுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மண்டபம், வண்டி போன்றவற்றைத் தனிப் பொருளாகப் பதிவுசெய்து பூட்டும் வசதி காசு கட்டும் நிறுவனக் கணக்கில்தான் இருக்கிறது. ஐந்து பேருக்காக அதை வாங்கச் சொல்லமாட்டேன். ஆகவே மோதலைக் கண்ணால் பிடிக்கிற மாதிரி நீங்கள்தான் பதிய வேண்டும்.

எதைப் பதிய வேண்டும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டைரிப் பழக்கத்தில் ‘24 ஞாயிறு, கல்யாணம், ஒத்தக்கடை’ என்று ஒரு நாளுக்குள் எழுதிவிடுவோம். ஆனால் உங்கள் பொருள் ஒரு நாள் மட்டுமா வெளியே இருக்கிறது? ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் சனி மதியமே அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, அடுப்பு எல்லாம் குட்டியானையில் ஏறியாக வேண்டும், ஏனென்றால் சனி இரவு ரிசப்ஷன் சாப்பாடு இருக்கிறது. ஞாயிறு மதியப் பந்தி முடிந்து, கழுவி, எண்ணி, ஏற்றி வீடு வந்து சேர ஞாயிறு இரவு. மண்டபத்துக்காரர் விட்டுவைத்தால் திங்கள் காலை. திங்கள்கிழமை இன்னொரு முகூர்த்தம் இருந்தால் அந்த வீட்டுக்குப் பாத்திரம் ஞாயிறு மதியமே போக வேண்டும். டைரியில் 24, 25 என்று இரண்டு தனித்தனிப் பக்கம், மோதலே தெரியாது. நிஜத்தில் ஞாயிறு மதியம் முழுவதும் ஒரே அண்டாவை இரண்டு வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே நாள் மோதலையாவது யாராவது நினைவில் வைத்துப் பிடித்துவிடலாம். அடுத்தடுத்த நாள் மோதல் வண்டி ஏற்றும்போதுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

எனவே மூன்று தனிக் காலண்டர் போடுங்கள். ‘சமையல்’ என்று ஒன்று: மாஸ்டரும் ஆட்களும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை அங்கே கட்டுண்டு இருக்கிறார்கள் என்பது. ‘பாத்திரம்–வண்டி’ என்று ஒன்று: பொருள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பிவந்து கழுவி அடுக்கும் நேரம் வரை. திரும்பும் நேரத்தோடு எப்போதும் அரை நாள் சேர்த்தே பதியுங்கள். எண்ணிக்கை குறைந்து கரண்டியைத் தேடிப் போகும் நேரம் அதில்தான் அடங்க வேண்டும். ‘முகூர்த்தம்’ என்று மூன்றாவது: பஞ்சாங்கத்திலிருந்து எடுத்த நாட்கள், அதைப் பிறகு சொல்கிறேன். பாத்திரம் மட்டும் வாடகைக்குப் போனால் இரண்டாவதில் மட்டும் பதிவு. சமையலோடு போனால் இரண்டிலும். இப்படிப் பதிந்தால் மாதப் பார்வையில் பாத்திரம் ஒரு பட்டையாக இரண்டு மூன்று நாளுக்கு நீண்டு தெரியும். ஒரு பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்காமலே புரிந்துவிடும். இன்னும் பிரிக்க ஆசை வரும்: பந்திக்கு ஒன்று, ஜமக்காளத்துக்கு ஒன்று என்று. மூன்றுக்கு மேல் போனால் யாரும் ஒழுங்காகப் பதியமாட்டார்கள்.

அமைக்கும் முறை. கடைப் பெயரில் புதிதாக ஒரு ஜீமெயில் கணக்குத் திறந்து, மூன்று காலண்டரும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். அண்ணனின் சொந்தக் கணக்கிலோ உங்களுடையதிலோ வேண்டாம். காலண்டரை உருவாக்கிய கணக்குப் போனால் காலண்டரும் போகும். நாளை ஒருவர் தனியாகத் தொழில் தொடங்கினாலோ போனைத் தொலைத்தாலோ எல்லோரும் தவிக்கக் கூடாது. இந்த வேலையைப் போனில் செய்யாமல் கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்யுங்கள், எல்லா அமைப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தால் முடிந்ததும் லாக் அவுட் செய்தீர்களா என்று இருமுறை பாருங்கள். இடது பக்கம் ‘மற்ற காலண்டர்கள்’ என்பதற்கு அருகில் கூட்டல் குறி இருக்கும். அதில் புதிய காலண்டர் உருவாக்கு என்பதை எடுத்துப் பெயர் கொடுங்கள், நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்று பாருங்கள். பிறகு அந்தக் காலண்டரின் செட்டிங்ஸில் குறிப்பிட்ட நபர்களோடு பகிர்வது என்ற பகுதிக்குப் போய் ஒவ்வொருவரின் ஜீமெயில் முகவரியையும் சேருங்கள். அவரவர் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். அதைத் தட்டிச் சேர்த்தால்தான் அவர் காலண்டரில் இது தோன்றும். ‘எனக்கு ஒண்ணும் வரலையே’ என்று சித்தப்பா சொன்னால் பத்தில் ஒன்பது தடவை அந்த மெயில் திறக்கப்படாமல் கிடக்கும். லிங்க்கைத் தட்டியும் போனில் தெரியவில்லை என்றால் செயலியின் செட்டிங்ஸில் அந்தக் காலண்டர் பெயரைத் தொட்டு ‘சிங்க்’ (நெட் வழியாக விவரத்தைப் புதுப்பிப்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர் அதிலேயே வரும் காலண்டரை விட்டுவிட்டுக் கூகுள் காலண்டர் செயலியை இறக்கிக்கொள்வது சிக்கலில்லாதது.

பகிரும்போது நான்கு விதமான அனுமதி கேட்கும்: வேலை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிவது, எல்லா விவரமும் பார்ப்பது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் கையாள்வது. நான்காவதைக் கடைக் கணக்குக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டும் கொடுங்கள். மாற்றும் அனுமதி உள்ளவர் அழிக்கவும் முடியும் என்பது நினைவில் இருக்கட்டும். பதிய வேண்டியவர்களுக்கு மூன்றாவது. மாஸ்டருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் பார்ப்பது மட்டும் போதும், அவர்களுக்குத் தெரிகிற காலண்டரில் தொகை எழுதாதீர்கள். அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் பந்தல்காரருக்கு முதல் வகை: உங்களுக்கு அன்று வேலை இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும், யார் வீட்டில் என்று தெரியாது. ‘எல்லோருக்கும் பொதுவாக்கு’ என்ற பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போய்விடும். ஐந்து பேரும் ஒரே கணக்கின் பாஸ்வேர்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், சுலபம்போலவும் தெரியும். அப்படிச் செய்தால் யார் பதிந்தது என்று தெரியாது, ஒருவர் பாஸ்வேர்டு மாற்றினால் நான்கு பேர் வெளியே நிற்க வேண்டும். அவரவர் கணக்கில் பகிர்ந்துகொண்டால் நிகழ்வைத் திறந்ததும் அதை உருவாக்கியவர் பெயர் தெரியும். பிறகு அதைத் திருத்தியது யார் என்ற வரலாறு மட்டும் அதில் இருக்காது. அதனால் திருத்துகிறவர் குறிப்பில் ஒரு வரி எழுதும் பழக்கம் வேண்டும்: ‘400 இலை 550 ஆனது, அண்ணி, 3-ம் தேதி’ என்று.

தலைப்பு எழுதும் முறையில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். போனில் மாதப் பார்வையில் ஒரு நாளுக்கான கட்டம் கட்டைவிரல் நகம் அளவுதான். முதல் ஒரு சொல் தெரிந்தால் அதிகம். ‘திருமதி அண்ட் திரு இன்னார் இல்லக் காதணி விழா’ என்று எழுதினால் எல்லா ஆர்டரும் ‘திரும’ என்றே தெரியும். முதலில் நிலை, அடுத்து ஊர், பிறகு மற்றவை: ‘உறுதி உசிலம்பட்டி காதணி 400 இலை மதியம்’. நிலைக்கு மூன்றே சொல்: கேட்டது, உறுதி, ரத்து. உள்ளே குறிப்பில் மண்டபம் எந்தத் தெரு, பேசியவர் பெயர், நம்பர், காலை டிபன் உண்டா, எத்தனை வெஞ்சனம், சிலிண்டர் யாருடையது. நிலையைக் கலரில் காட்டலாமே என்று தோன்றும். காலண்டரின் கலர் ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் வைத்ததுதான். உங்களுக்குப் பச்சையாகத் தெரிவது அப்பாவுக்கு ஊதாவாக இருக்கும். எழுத்தில் இருப்பதுதான் ஐந்து பேருக்கும் ஒன்றாகத் தெரியும். தேடுவதற்கும் இது வேண்டும்: ஒருவர் ‘காதணி’ என்றும் இன்னொருவர் ‘காதுகுத்து’ என்றும் எழுதினால் ஒன்றைத் தேடும்போது மற்றது வராது. வீட்டில் ஒரு சொல் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆவணியில் நடந்ததற்குக் காரணம் டைரி ஒன்று, வாய் இரண்டு என்பதுதான். காலண்டர் வந்த பிறகும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பதிய முடியும். அண்ணன் மேலூர் பக்கம் ஏதோ தோப்பில் சிக்னல் இல்லாத இடத்தில் நின்று பதிந்தால் அது போனில் மட்டும் இருக்கும்; நெட் கிடைத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வீட்டில் அப்பாவுக்கு அந்த நாள் காலியாகவே தெரியும். இதற்கு ஒரே வழி, பதிவது யாராக இருந்தாலும் ‘கேட்டது’ என்றுதான் பதிய வேண்டும்; ‘உறுதி’ என்று மாற்றும் கை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கை மாற்றும்வரை அச்சாரம் வாங்கக் கூடாது, ஜிபேயில் வந்தாலும் சரி. கேட்கிற வீட்டாரிடம் ‘நாள் குறிச்சுக்கிட்டோம், வீட்டில் பார்த்துட்டு அரை மணி நேரத்தில் கூப்பிடுறோம்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. உறுதிசெய்பவர் அந்த அரை மணி நேரத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அந்த நாளில் சமையல் ஆட்கள், முந்தைய நாள் மதியம் பாத்திரம், வண்டி. அப்புறம் ‘உறுதி’ என்று மாற்றி, குரூப்பில் ஒரு வரி.

அந்தக் கை யாருடையது என்பதை நான் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அது உங்கள் வீட்டு மரியாதையும் சம்பந்தப்பட்டது. வேலை முறையை மட்டும் வைத்துச் சொன்னால், வேலை நாளில் அடுப்படியில் நிற்காதவர், போன் எப்போதும் கையில் இருப்பவர் பொருத்தமானவர். பல வீடுகளில் அது அண்ணியாகவோ கணக்குப் பார்க்கும் பெண்களாகவோதான் இருக்கும். அப்பாவிடம் இதை அதிகாரம் கைமாறுவதுபோலச் சொல்லாமல், ‘நீங்க கேட்டு வாங்குங்க, அண்ணி சரிபார்க்கட்டும்’ என்று வைத்தால் நடக்கும். ‘கேட்டது’ என்று பதிந்ததற்கு மூன்று நாள் கெடு வையுங்கள். நான்காம் நாள் ஒரு போன் போட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தை மாதம் முழுக்க ‘கேட்டது’ நிறைந்து, நல்ல ஆர்டரைத் தட்டிக்கழிக்க வேண்டிவரும். ரத்தானதை அழிக்காமல் ‘ரத்து’ என்று தலைப்பை மாற்றுங்கள். அச்சாரம் திருப்பிக் கேட்டு இரண்டு மாதம் கழித்து யாராவது வருவார்கள். அழித்த நிகழ்வு குப்பைத்தொட்டியில் ஏறக்குறைய 30 நாள்தான் இருக்கும்.

நினைவூட்டல் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பகிர்ந்த காலண்டரில் நீங்கள் வைக்கும் நினைவூட்டல் உங்களுக்கு மட்டும்தான் அடிக்கும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அடிக்க வேண்டுமானால் அவரவர் கணக்கில், ஒவ்வொரு காலண்டருக்கும் ஒருமுறை, வழக்கமான நினைவூட்டல் நேரத்தை அமைக்க வேண்டும். ஐந்து போனையும் ஒரு மாலையில் வாங்கி உட்கார்ந்து நீங்களே செய்துவிடுங்கள். சமையலுக்கு 7 நாள் முன் ஒன்று மளிகை லிஸ்ட்டுக்கு, 1 நாள் முன் ஒன்று காய்கறிக்கும் இலைக்கும், 3 மணி நேரம் முன் ஒன்று கிளம்புவதற்கு என்று வைத்தால் போதும். ஒரு நிகழ்வுக்கு 5 நினைவூட்டல் வரை வைக்கலாம், 4 வாரத்துக்கு முன்னால் வைக்க முடியாது. இரண்டு மாதம் முன்பே மாஸ்டரிடம் பேச வேண்டும் என்றால் அதைத் தனி நிகழ்வாகப் பதியுங்கள். எஸ்எம்எஸ் வருமா என்று கேட்பார்கள். கூகுள் அதை 2019 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. தினமும் காலை 5 மணி வாக்கில் அன்றைய வேலைகளை மெயிலில் அனுப்பும் வசதி இருக்கிறது, உறுதிசெய்பவர் அதை ஆன் செய்துகொள்ளலாம். எல்லாம் அமைத்தும் அடிக்கவில்லை என்றால் காலண்டரைக் குறை சொல்லும் முன் போனின் பேட்டரி செட்டிங்ஸைப் பாருங்கள். சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடுவதை நிறுத்திவிடும். காலண்டர் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிட வேண்டும்.

அப்பாவுக்கு. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் மாதமும் கிழமையும் பொத்தான்களும் தமிழில் வரும். செயலியைத் திறக்கவே அவசியமில்லாமல், முகப்புத் திரையிலேயே காலண்டரைக் காட்டும் கட்டத்தை, அதாவது விட்ஜெட்டை, பெரிதாக வைத்துவிடுங்கள். போனை எடுத்ததும் அடுத்த நான்கு ஆர்டர் கண்ணில் படும். பதிவதற்குக் கீபோர்டில் மைக் பொத்தானைத் தொட்டுத் தமிழிலேயே பேசலாம். ஊர்ப் பெயர்கள் சில சமயம் தப்பாக விழும், அதைச் சரிபார்ப்பது அண்ணியின் வேலை. டைரியைப் பிடுங்காதீர்கள். முதல் சீசன் முழுக்க இரண்டும் ஓடட்டும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் காலண்டர், பிறகு டைரி. இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் காலண்டரில் இருப்பதுதான் செல்லும் என்று ஐந்து பேர் முன்னாலும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் இரண்டு பொறிகள் உண்டு. விடியற்காலை 4.30–6.00 முகூர்த்தம் என்றால் வீட்டார் ‘சனி ராத்திரி விடிஞ்சா’ என்பார்கள். பதிகிறவர் சனிக்கிழமையில் போட்டுவிடுவார். ஏஎம், பிஎம் குழப்பமும் அதோடு சேரும். 24 மணி நேர முறைக்கு மாற்றிவிட்டு, தேதியையும் கிழமையையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லுங்கள். இன்னொன்று, மாதாமாதம் திரும்ப வரும் ஆர்டர். அமாவாசை அன்னதானத்துக்கோ திருப்பரங்குன்றம் பௌர்ணமி கிரிவலத்துக்கோ வழக்கமான ஆர்டர் இருந்தால் ‘மாதம் ஒருமுறை’ என்ற வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டு ஓடும். திதி நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றையும் பஞ்சாங்கம் பார்த்துத் தனித்தனியாகப் பதியுங்கள். 31-ம் தேதி என்று மாதாந்திரமாக வைத்தால் 30 நாள் மாதங்களில் அது வரவே வராது என்பதையும் கவனியுங்கள்.

முகூர்த்தக் காலண்டரை ஆண்டு தொடக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து போட்டுவிடலாம். எக்ஸெல் போலக் கட்டம் கட்டமாக எழுதும் கூகுள் ஷீட்ஸில் ஒரு பத்தியில் ‘வளர்பிறை முகூர்த்தம்’ போன்ற தலைப்பு, அடுத்ததில் தேதி, இன்னொன்றில் முழுநாள் நிகழ்வு என்ற குறிப்பு. பத்தித் தலைப்புகள் மட்டும் Subject, Start Date, All Day Event என்று இங்கிலீஷ் எழுத்தில் இருக்க வேண்டும். தேதியில் மாதம் முதலில் வர வேண்டும், நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால் ஜூன் 3 மார்ச் 6 ஆகிவிடும். அதை சிஎஸ்வி (CSV) என்ற வகைக் கோப்பாக இறக்கி, கம்ப்யூட்டரில் காலண்டர் செட்டிங்ஸில் இம்போர்ட் செய்யும்போது ‘முகூர்த்தம்’ காலண்டரைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் செய்து சேமித்தால் தமிழ் எழுத்து சில சமயம் கேள்விக்குறிகளாக மாறும். ஷீட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினால் எல்லா நாளும் இரண்டிரண்டாக நிற்கலாம், அதனால் ஏற்றும் முன் நான்கைந்து வரிகளை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். இதே காலண்டரில் மாசி சிவராத்திரியையும் சித்திரைத் திருவிழா நாட்களையும் சேருங்கள். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் ஆர்டர் குவியும், ஆட்களும் தங்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வண்டி வைகையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் என்று நம்பி ஆர்டர் எடுக்க முடியாது.

காலண்டரால் முடியாத வேலை ஒன்று: எண்ணிக்கை. உங்களிடம் 12 அண்டா இருந்து, ஒரு வீட்டுக்கு 8 போயிருக்கும்போது இன்னொருவர் 6 கேட்டால், பட்டைக்கு அடியில் பட்டை என்று காலண்டர் காட்டும், 2 குறைகிறது என்று சொல்லாது. இதற்கு ஒரு ஷீட் தேவை. ஒரு ஆர்டருக்கு ஒரு வரி: போகும் நாள், திரும்பும் நாள், அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, அடுப்பு என்று பத்திகள். ஏதாவது ஒரு தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதியிலோ அதற்கு முன்னோ போய், அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னோ திரும்புகிற வரிகளை மட்டும் கூட்டச் சொல்லும் ‘சம்இஃப்ஸ்’ ஃபார்முலா ஒன்று போட்டால் அன்று எத்தனை வெளியே என்று வந்துவிடும். 12-இலிருந்து கழித்தால் மிச்சம். பத்திருபது பாத்திரம் வைத்திருப்பவருக்கு இது அவசியமா என்பது சந்தேகம், கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே நாளில் மூன்று இடத்துக்குப் பிரித்து அனுப்பும் அளவுக்குச் சாமான் இருந்தால் கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்புக்கு மூன்றே காரியம். கடைக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது) வைத்து, அது கொடுக்கும் 10 பேக்கப் எண்களைத் தாளில் எழுதி அச்சாரப் பணம் வைக்கும் பீரோவிலேயே வையுங்கள். மீட்பு நம்பராக வீட்டில் மாறாத நம்பரைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை, 1-ம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் கடைக் கணக்கில் நுழைந்து காலண்டரை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வருகிற கோப்பை வேறு எந்தக் காலண்டரிலும் ஏற்றலாம் என்பதால் நாளைக்குச் சேவையை மாற்ற நினைத்தாலும் கையோடு எடுத்துப்போகலாம். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத சொந்தக் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்தது. எல்லோரும் அவரவர் கணக்கிலிருந்தே பார்ப்பதால் கடைக் கணக்கு யாரும் திறக்காமல் கிடக்க வாய்ப்பிருக்கிறது; மாதாமாதம் நுழைந்தால் அந்தப் பயம் இல்லை.

செட்டிங்ஸ் பெயர்களும் இருக்கும் இடமும் செயலி புதுப்பிக்கும்போது கொஞ்சம் மாறும். இங்கே சொன்ன சொல் அப்படியே இல்லையென்றால் அதே பொருள் தரும் சொல்லைத் தேடுங்கள். தொடங்குவதற்கு ஆடி மாதம் தோதானது. கல்யாணம் இருக்காது, கூழ் ஊற்றும் வேலைகள் மட்டும்தான். ஆவணி முகூர்த்தத்துக்குள் ஐந்து பேருக்கும் கை பழகிவிடும். டைரியில் ஏற்கெனவே இருக்கும் ஆர்டர்களை ஏற்றும்போது ஒருவர் வாசிக்க இன்னொருவர் பதியட்டும், முடிந்ததும் ஆளை மாற்றி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதப் பார்வையை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். போன் சார்ஜ் இல்லாத நேரத்தில் வாசலில் யாராவது நாள் கேட்டு வந்து நின்றால் அப்பா பார்க்கப் போவது அந்தச் சுவரைத்தான். பிரின்ட் எடுத்த தேதியை அதன் மேல் மூலையில் பேனாவால் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு பதிந்தது எதுவும் அந்தத் தாளில் இருக்காது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.